தமிழில் இணையதளம் அமைக்க: வடிவமைப்புக்கு முன் எழுத்து

சிற்றூர் நூலகம் ஒன்றுக்கு இணையதளம் அமைக்கும் பொறுப்பு உங்களிடம் வந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். ஆங்கிலத்துக்கென உருவான ஏதோ ஒரு வார்ப்புருவைத் தேர்ந்தெடுத்து, கடைசியில் தமிழை அதற்குள் திணிப்பதே பலரது வழக்கம். அந்த வரிசையைத் திருப்பிப் போடுங்கள். முகப்பு, நூற்பட்டியல், உறுப்பினர் சேர்க்கை ஆகிய மூன்று பக்கங்களுக்கான உரையையேனும் முதலில் எழுதி முடித்துவிட்டு, அதற்கேற்ப வடிவமைப்பைத் தீர்மானியுங்கள். ‘டவுன்லோடு’ என்பதன் ஆங்கில எழுத்துகளுக்கு அளவெடுத்த பொத்தானுக்குள் ‘பதிவிறக்கம் செய்க’ அடங்காது என்பது அப்போதே தெரிந்துவிடும்.

உரை முழுவதும் யூனிகோடில், அதாவது எல்லாக் கருவிகளும் ஒரேபோல் புரிந்துகொள்ளும் பொது எழுத்துக் குறியீட்டில், இருக்க வேண்டும். தமிழ்நாடு அரசே 2010-ல் இதைத் தரமாக ஏற்றுவிட்டது என்றாலும், அச்சகங்களிலிருந்து வரும் கோப்புகள் இன்றும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் இருப்பதுண்டு. அவற்றை அப்படியே ஒட்டினால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளே தெரியும் என்பதால், எழுத்துரு மாற்றி மென்பொருள் ஒன்றின் மூலம் யூனிகோடுக்குக் கொண்டுவந்து, பிறகு ஒருமுறை மெய்ப்புப் பார்க்க வேண்டும். அறிவிப்பைப் படமாக்கிப் போடுவது எளிய வழியாகத் தோன்றினாலும், படத்துக்குள் இருக்கும் எழுத்தைத் திரைவாசிப்பானால் (பார்வையற்றோருக்குத் திரையில் உள்ளதை உரக்கப் படித்துக்காட்டும் மென்பொருள்) பொதுவாக வாசிக்க முடியாது. பக்கத்தின் நிரலில் அதன் மொழி தமிழ் என்று குறிக்கவும் மறக்காதீர்கள். எந்த மொழிக் குரலில் வாசிப்பது என்பதைத் திரைவாசிப்பான் அதைக் கொண்டே அறிகிறது.

யூனிகோடுக்கு வந்த பிறகும் கண்ணுக்குத் தெரியாத பிழைகள் தங்கிவிடும். நூற்பட்டியலில் ‘ஔவையார்’ என்ற பெயரை ஒருவர் ‘ஔ’ என்ற ஒரே எழுத்தாகவும், இன்னொருவர் ‘ஒ’, ‘ள’ என்று இரண்டாகவும் தட்டச்சு செய்திருந்தால், திரையில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலவே தோன்றும். ஆனால் தேடுபெட்டி அவற்றை இரு வேறு சொற்களாகக் கொள்ளும், அகரவரிசையில் ஒன்று ‘ஒ’ வரிசையிலும் மற்றொன்று ‘ஓ’வுக்குப் பின்னும் போய் நிற்கும், திரைவாசிப்பான் ‘ஒளவையார்’ என்று ளகரத்தை அழுத்தி வாசித்துவிடும். ‘கௌரவம்’, ‘பௌர்ணமி’, ‘சௌந்தரம்’ எல்லாவற்றிலும் இதே சிக்கல் உண்டு. இவற்றைத் தேடிப்பிடித்துத் திருத்தக் கைவேலைதான் வழி. ‘கொ’, ‘கோ’ போன்றவை உள்ளே இரு விதமாகப் பதிவாகியிருப்பது வேறு வகை. சேமிக்கும்போதே யூனிகோடு இயல்பாக்கம் (இரு விதப் பதிவையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவருவது) செய்யும்படி நிரலரிடம் கேட்டால் அது தீர்ந்துவிடும்.

எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர் போன்ற இலவச எழுத்துருக்களில் ஒன்று போதும். மேலே கொக்கியும் கீழே வாலும் கொண்ட எழுத்துகள் மோதாமல் இருக்க, வரி உயரத்தை எழுத்தளவைப் போல் 1.6 முதல் 1.8 மடங்கு வரை வையுங்கள். இரு ஓரங்களையும் நேராக்கும் அமைப்பைக் கைபேசிக்குத் தவிர்த்துவிடுங்கள். தமிழ்ச் சொற்கள் நீளமானவை என்பதால் வரிக்கு இரண்டு மூன்று சொற்களே நின்று, நடுவில் பள்ளங்கள் விழும். பல தமிழ் எழுத்துருக்களுக்குத் தனிச் சாய்வு வடிவம் இல்லை, உலாவி நேரெழுத்தையே சாய்த்துக் காட்டும் என்பதால், அழுத்தம் தரத் தடித்த எழுத்தே மேல். வெளிர் சாம்பல் எழுத்து அழகாகத் தோன்றலாம். ஆயினும் பின்புலத்தோடு குறைந்தது 4.5:1 நிறவேறுபாடு வேண்டும் என்பது, பார்வைக் குறைபாடுள்ளோரும் படிக்க வகைசெய்யும் அணுகல்தன்மை விதி.

பக்க முகவரியைத் தமிழிலேயே வைக்கும் ஆசை நியாயமானதுதான். ஆனால் ஒரு தமிழ்க் குறி (எழுத்தோ, துணைக்குறியோ, புள்ளியோ) யூனிகோடைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் 3 பைட்டுகளாகி, முகவரியை நகலெடுக்கும்போது 9 குறிகளாக விரியக்கூடும். ஆறு குறிகள் கொண்ட ‘நூலகம்’ என்ற ஒரு சொல்லே அப்படி 54 குறிகளாகும். அதை வாட்ஸ்அப்பில் பார்ப்பவர் தொடவே அஞ்சுவார். பகிர்வதற்கென்று சிறிய ரோமன் எழுத்து முகவரி ஒன்றை வைத்துக்கொள்வது உசிதம்.

எழுதும்போது வந்தவருக்கு வேண்டியதை முதலில் தாருங்கள். நிறுவனர் வரலாற்றுக்கும் வாழ்த்துரைக்கும் தனிப் பக்கம் உண்டு. முகப்பின் முதல் பத்தியில் திறக்கும் நேரம், விடுமுறை நாள், உறுப்பினர் கட்டணம் ஆகியவை இருக்க வேண்டும். ‘இங்கே சொடுக்கவும்’ என்று இணைப்புக் கொடுக்காமல், ‘உறுப்பினர் விண்ணப்பப் படிவம்’ என்று எதற்கான இணைப்போ அதையே எழுதுங்கள். தொலைபேசி எண்ணைத் தொட்டவுடன் அழைப்புப் போகும்படி அமையுங்கள். ஒவ்வொரு அறிவிப்பிலும் ஆண்டோடு தேதி இருக்கட்டும். ‘வரும் ஞாயிறு’ என்று மட்டும் போட்டால் அடுத்த ஆண்டும் யாராவது வந்து நிற்பார்.

வெளியிடுமுன், விலை குறைந்த கைபேசி ஒன்றில் வைஃபையை அணைத்துவிட்டுத் தளத்தைத் திறந்து, அதை முன்பு பார்த்திராத ஒருவர் கையில் கொடுத்து, சனிக்கிழமை மாலை நூலகம் திறந்திருக்குமா என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். அவர் தடுமாறினால் குறுக்கிட்டு உதவாமல், விரல் எந்த இடத்தில் தயங்கியது என்பதை மட்டும் குறித்துக்கொண்டு, அந்தப் பகுதியைத் திருத்தி எழுதுங்கள்.