ஹென்றியின் பெயரில் ஜானின் காசு

இங்கிலாந்தின் சஃபோக்கில், நிலத்துக்காரரின் அனுமதியோடு வயலில் தேடியபோது கிடைத்த வெள்ளிப் பென்னி அது. கட்டைவிரல் நகத்தளவுதான். 'ஹென்ரிகஸ்' என்று கண்டதும் அரசர் இரண்டாம் ஹென்றியின் காசு என்று எழுதிவிட்டேன். தவறு. பின்புறத்தில் சிறு சிலுவை பொறித்து 1180 முதல் 1247 வரை அடித்த குறுஞ்சிலுவைக் காசுகளில், அவர் மகன்கள் ரிச்சர்டும் ஜானும் ஆண்டபோதுகூட, ஹென்றியின் பெயரே இருந்தது. மண்ணைச் சுரண்டாமல், பக்கவாட்டில் விளக்கைப் பிடித்துப் பின்புறத்தை எழுத்தெழுத்தாகப் படித்தேன்: 'இல்கர் ஆன் லு'. லண்டனில் காசு அடித்த இல்கர்! எண்ணூறு ஆண்டுக்குப் பின்னும் அவர் பெயர் மங்கவில்லை. அரசர் உருவத்தின் தலைமுடிச் சுருளையும் ஒப்பிட்டபோது, 1205இல் ஜான் காலத்தில் தொடங்கிய, குறுஞ்சிலுவைக் காசுகளின் ஐந்தாம் வகை என்பது உறுதியானது. எடை, விட்டம், இருபுறப் படங்கள், மிக முக்கியமாகக் கிடைத்த இடத்தின் வரைபடக் குறியெண், எல்லாவற்றையும் தொல்பொருள் பதிவு அலுவலரிடம் கொடுத்து, என் குறிப்பேட்டில் ஹென்றியை அடித்து ஜான் என்று எழுதினேன்.