ரேடாருக்குப் பலகை வைப்போர் செய்யும் தவறுகள்

சுங்கை சிப்புட் பக்கம் தோட்டச் சாலை வளைவில் நிற்கும் குவியாடியைப் பார்த்துப் பழகியவர்கள் நாம். செம்பனைக் குலை ஏற்றிய லோரி எதிரே வருகிறதா என்று அதில்தான் எட்டிப் பார்ப்போம். ரேடாருக்கு எட்டாத வளைவில் மாற்றியமைக்கும் பிரதிபலிப்புப் பலகையை வைக்கும்போது காலை வாரிவிடுவதும் இந்தப் பழக்கம்தான்.

பலகை முழுவதும் சின்னஞ்சிறு உலோகச் சில்லுகள். ஒவ்வொன்றும் தன்மேல் படும் அலையின் கட்டத்தை, அதாவது அலை ஏறி இறங்குவதில் எந்த நிலையில் இருக்கிறது என்பதை மாற்றி, நாம் சொல்லும் திசைக்குத் திருப்பும். அலை எவ்வளவு நலியும் என்று கணக்கிடும்போது, தட்டையான பெரிய கண்ணாடியில் இரு பக்கத் தூரங்களையும் கூட்டுவோம். இங்கே அவற்றைப் பெருக்க வேண்டும்; பெருக்குத்தொகை கூடக்கூட எதிரொலி நலியும். ரேடாரிலிருந்து லோரி வரை மொத்தம் 100 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பலகை நட்டநடுவே நின்றால் 50 பெருக்கல் 50, அதாவது 2,500. ரேடாருக்கு 10 மீட்டரில் நின்றால் 10 பெருக்கல் 90, வெறும் 900. எதிரொலி போய்த் திரும்பவும் வேண்டுமே! அதனால் இந்த விகிதம் நான்காம் அடுக்கில் ஏறி, எதிரொலியின் வலிமையில் ஏறக்குறைய 60 மடங்கு வேறுபாடாகிவிடுகிறது. நடுவில் வைப்பதுதான் முதல் தவறு. வளைவை நகர்த்த முடியாது, ரேடாரை நகர்த்தலாம்.

கிட்டே கொண்டுவந்தவர்கள் அடுத்த குழியில் விழுகிறார்கள். 10 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் 3 சென்டிமீட்டர். 60 சென்டிமீட்டர் அகலப் பலகைக்குச் சுமார் 24 மீட்டருக்கு அப்பால்தான் அலையைத் தட்டையானதாகக் கருதலாம். 10 மீட்டரில் பலகையின் ஓரத்துக்கு அலை நடுவைவிட 4.5 மில்லிமீட்டர் கூடுதலாகப் பயணிக்கிறது. அதாவது கட்டத்தில் 54 டிகிரி பிசகு. ஒவ்வொரு சில்லுக்கும் தூரத்தைத் தனித்தனியே கணக்கிட வேண்டும். சோம்பல் பட்டால் கதிர் கலைந்துவிடும்.

மலிவாக இருக்கிறதென்று இரண்டே கட்டநிலை கொண்ட பலகையை வாங்குவோர், ஒருமுறை பட்டுத் திரும்புவதில் அலையின் வலிமையில் ஏறக்குறைய 4 டெசிபெல் போவதை மட்டும் கணக்கில் வைக்கிறார்கள். அலை பலகையில் இருமுறை படுகிறது, இழப்பு 8.

காற்றில் ஆடும் செம்பனை மட்டையும் நகரும் பொருள்தான். ரேடார் அதையும் காட்டும். பலகையின் அமைப்பைத் தெரிந்த ஒழுங்கில் மாற்றிக்கொண்டே இருந்தால், அந்த ஒழுங்கு பதிந்த எதிரொலி பலகை வழியே வந்ததென்று பிரித்துவிடலாம். ஆனால் ரேடார் வேகம் அளக்கும் நேர இடைவெளிக்குள் தாறுமாறாக மாற்றினால், நின்றுகொண்டிருக்கும் லோரியே ஓடுவதுபோல் தெரியும்.

ரேடாரின் நேர்ப்பார்வையிலேயே லோரி தெரிகிறதா? அங்கே பலகை பெரும்பாலும் வீண் செலவு.