நிறுவனம் மீண்டெழுந்ததில் நிர்வாகியின் பங்கு எவ்வளவு: கணக்குப் பார்க்கும் முறை

நட்டத்தில் கிடந்த நிறுவனம் லாபத்துக்குத் திரும்பியதும் பெருமை முழுவதையும் தலைமை நிர்வாகிக்கே கொடுத்துவிடுகிறோம். பங்கு வாங்குபவருக்கும், கூட்டுறவு ஆலைக்குக் கரும்பு வெட்டி அனுப்பும் விவசாயிக்கும், ஊதிய உயர்வு பேச அமரும் தொழிற்சங்கத்தாருக்கும் அதில் அவருடைய உண்மையான பங்கு தெரிந்தாக வேண்டும். கிருஷ்ணகிரியில் கணக்குத் தணிக்கை செய்துவரும் நான் கையாளும் முறை இது.

முதலில் அவர் பொறுப்பேற்ற நாளையும், பலன் தந்த முடிவுகள் எடுக்கப்பட்ட நாட்களையும் அருகருகே எழுதுங்கள். ஓசூரின் டைட்டன் கைக்கடிகார நிறுவனம் நல்ல எடுத்துக்காட்டு. ஓசூர் தருமபுரி மாவட்டத்தில் இருந்த காலத்தில், 1984-இல், டாடா குழுமமும் தமிழ்நாடு அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோவும் சேர்ந்து அதைத் தொடங்கின. அதை முதலில் வழிநடத்திய செர்க்சஸ் தேசாய் 1990களில் தனிஷ்க் நகைத் தொழிலில் இறங்கினார். தொடக்க ஆண்டுகளில் அது நட்டத்தையே தந்தது. பாஸ்கர் பட் 2002 முதல் 2019 வரை நிர்வாக இயக்குநராக இருந்த காலத்தில் அதே நகைத் தொழில் நிறுவனத்தின் மிகப் பெரிய வருவாயாக வளர்ந்தது. முடிவை மட்டும் பார்த்தால் புகழ் பட் அவர்களுக்கே போகும். ஆனால் விதைத்தவர் தேசாய். தங்கத்தின் தரத்தை வாடிக்கையாளரின் கண்முன்னே காட்டிய காரட்மீட்டரும் பட் வருவதற்கு முன்பே கடைக்கு வந்துவிட்டது. நட்டத்தைத் தாங்கிக்கொண்டு அந்தத் தொழிலை மூடாமல் விட்ட இயக்குநர் குழுவுக்கும் பங்கு உண்டு.

அடுத்து, அதே தொழிலில் இருந்த மற்றவர்களின் நிலையைப் பாருங்கள். 2001-இல் ஒரு அவுன்ஸ் தங்கம் 300 டாலருக்கும் கீழே இருந்தது. 2011-இல் 1,900 டாலரைத் தாண்டியது. விலை ஏறினால் எல்லா நகைக்கடைகளின் விற்பனைத் தொகையும் ஏறும். 2000-இல் வந்த ஹால்மார்க் முத்திரையும் எல்லோருக்கும் பொதுவானதே. இவற்றைக் கழித்த பிறகும் போட்டியாளர்களைவிடக் கூடுதலாக வளர்ந்திருந்தால், அந்தக் கூடுதலிலிருந்துதான் நிர்வாகியின் பங்கைத் தேடத் தொடங்க வேண்டும்.

ஆண்டறிக்கையில் இரண்டு இடங்களைத் தவறாமல் பாருங்கள். நிலம் விற்ற பணம் லாபத்தில் கலந்திருக்கிறதா என்பது ஒன்று. புதிய நிர்வாகி முதல் ஆண்டிலேயே பழைய சரக்கையும் வாராக்கடனையும் அளவுக்கு மீறித் தள்ளுபடி செய்து நட்டத்தைப் பெரிதாக்கினாரா என்பது மற்றொன்று. அப்படிச் செய்திருந்தால் இரண்டாம் ஆண்டு தானாகவே பளிச்சென்று தெரியும்.

இவற்றையெல்லாம்விட முக்கியமான கேள்வி, அந்த நாற்காலியில் வேறொருவர் இருந்திருந்தால் எடுத்திருக்க மாட்டார் என்று சொல்லத்தக்க முடிவு எது என்பதாகும். எங்கள் பகுதி மாம்பழக்கூழ் ஆலை ஒன்றுக்கு நான் கணக்குப் பார்த்துவந்தேன். புதிய பொது மேலாளர் வந்த ஆண்டே லாபம் வந்தது, பாராட்டு விழாவும் நடந்தது. கொள்முதல் பதிவேட்டைப் புரட்டியபோது, அந்தப் பருவத்தில் பெங்களூரா மாங்காய் வரத்து மிகுந்து விலை சரிந்திருந்ததும், லாபத்தின் பெரும்பகுதி அதிலிருந்தே வந்ததும் தெரிந்தது. சுற்றுவட்டார ஆலைகளும் அந்த ஆண்டு லாபம் பார்த்திருந்தன. விவசாயி இழந்த பணத்தை மேலாளரின் திறமை என்று மேடையில் சொன்னது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

ஆனால் விறகுச் செலவும் குறைந்திருந்தது. அதற்கும் மாங்காய் விலைக்கும் தொடர்பில்லை. பாய்லரைக் கவனிக்கும் பெரியவர் என்னை அழைத்துச் சென்று, நீராவிக் குழாயின் மேல் புதிதாகச் சுற்றியிருந்த கண்ணாடிப்பஞ்சுப் போர்வையைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். கை வைக்க முடிந்தது. "நாலு வருசமா கேட்டுக்கிட்டு இருந்தேன் சார், இவர்தான் வந்த பத்தாம் நாளே கையெழுத்துப் போட்டார்" என்றார். யோசனை பெரியவருடையது. வங்கிக் கடன் கழுத்தை நெரித்த நேரத்தில் ஒரு தொழிலாளியின் சொல்லைக் கேட்டுச் செலவுக்கு ஒப்புதல் தந்த துணிவு மேலாளருடையது; முன்பிருந்த இருவர் அதைச் செய்யவில்லை.

கடைசியாக, சூழ்நிலை மாறும்வரை காத்திருங்கள். மறு ஆண்டு மாங்காய் விலை ஏறியதும் அந்த ஆலையின் லாபம் சுருங்கியது, விறகுச் செலவு மட்டும் ஏறவில்லை. அந்தச் சேமிப்பில் பாதியை மேலாளரின் பெயரிலும், மறுபாதியைப் பாய்லர் பெரியவரின் பெயரிலும் என் குறிப்பேட்டில் எழுதினேன்.