ஐந்து வார விடுமுறைக்கு ஜிம்: கவுண்டரில் கேட்க வேண்டியவை

அக்கா மகன் ஜெர்மனியிலிருந்து ஐந்து வார விடுமுறைக்குச் சென்னை வந்திருந்தான். வந்த மறுநாளே, "மாமா, பக்கத்துல ஜிம் இருக்கா?" என்றான். கூட்டிப் போனேன். கவுண்டரில் இருந்த பெண்ணிடம், மாதத்துக்கு எவ்வளவு என்று பள்ளியில் படித்த ஆங்கிலத்தில் கேட்டான். அவர் சொன்ன தொகையைக் கேட்டு அவன் முகம் மலர்ந்துவிட்டது. எனக்குச் சந்தேகம் வந்தது. "ஒரு மாசம் மட்டும் போட்டா எவ்வளவுங்க?" என்று கேட்டேன். தொகை இரண்டு மடங்குக்கு மேல் போனது. முதலில் சொன்னது வருடக் கட்டணத்தைப் பன்னிரண்டால் வகுத்த கணக்கு. அந்தப் பெண் பொய் சொல்லவில்லை. அவன் கேட்ட கேள்விக்கு அதுதான் அங்கே வழக்கமாகச் சொல்லும் பதில்.

அதனால் ஊருக்கு வருபவர்கள் மாதத்துக்கு எவ்வளவு என்று கேட்கவே வேண்டாம். தங்கும் நாளைச் சொல்லி மொத்தத் தொகையைக் கேளுங்கள். "நான் அஞ்சு வாரம்தான் இங்க இருப்பேன். அட்மிஷன், ஜிஎஸ்டி எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு கட்டணும்?" தமிழ் தடுமாறினால் ஆங்கிலத்திலும் கேட்கலாம்: "ஐ ஆம் ஹியர் ஃபார் ஃபைவ் வீக்ஸ் ஒன்லி. வாட் இஸ் த டோட்டல், வித் அட்மிஷன் அண்ட் ஜிஎஸ்டி?" கடைசிப் பாதியை மட்டும் விட்டுவிடாதீர்கள். அட்மிஷன் என்பது சேரும்போது ஒரே ஒரு முறை வாங்கும் தொகை. எல்லா இடத்திலும் கிடையாது, ஆனால் இருந்தால் குறுகிய காலத்துக்கு வருபவருக்குத்தான் அது அதிகம் வலிக்கும். ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் ஜிம்களுக்கு 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. பழைய கட்டண அட்டையைக் காட்டி 18 என்று சொன்னால் தயங்காமல் கேளுங்கள்.

ஜிம் கவுண்டரில் பேசும் மொழியின் இலக்கணம் தமிழ், பெயர்ச்சொற்கள் ஆங்கிலம். மெம்பர்ஷிப், பேக்கேஜ், கார்டியோ, லாக்கர் என்றே சொல்லுங்கள். உடற்பயிற்சிக்கூட உறுப்பினர் கட்டணம் என்றாலும் புரியும், ஆனால் எதிரில் இருப்பவர் ஒரு நொடி நின்று யோசிப்பார். "பிடி வேணுமா?" என்று கண்டிப்பாகக் கேட்பார்கள். வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இது சட்டென்று விளங்காது. பர்சனல் ட்ரெயினிங், அதாவது உங்களுக்கென்றே ஒரு பயிற்சியாளர். அதற்கான கட்டணம் தனி, பெரும்பாலும் மெம்பர்ஷிப்பைவிட அதிகம். வேண்டாம் என்றால், "பிடி வேண்டாங்க, ஜெனரல் ட்ரெயினிங் போதும்" என்றால் முடிந்தது. சின்ன ஜிம்களில் பயிற்சியாளரை மாஸ்டர் என்று கூப்பிடுவார்கள். நீங்களும் அப்படியே கூப்பிடுங்கள், பேச்சு உடனே இளகிவிடும்.

"கார்டியோ இதுல சேர்ந்ததா, தனியா?" என்பதையும் கேட்டுவிடுங்கள். டிரெட்மில்லுக்குத் தனியாக வாங்கும் இடங்கள் உண்டு. பெண்கள், "லேடீஸ் டைமிங் தனியா இருக்கா? லேடி ட்ரெயினர் எப்ப இருப்பாங்க?" என்று கேட்பது நல்லது. பல ஜிம்களை மதியம் சில மணி நேரம் மூடிவிடுவார்கள், ஞாயிற்றுக்கிழமை அரை நாள் அல்லது முழு நாள் விடுமுறையும் இருக்கும். உள்ளே போட்டுக்கொள்ள வேறு ஷூ கேட்பார்கள், பெட்டி கட்டும்போதே ஒரு ஜோடி கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

எனிடைம் ஃபிட்னஸ் போலப் பல நாடுகளில் கிளை உள்ள ஜிம்மில் ஏற்கெனவே உறுப்பினர் என்றால், இங்கே அந்தக் கார்டு செல்லுமா என்று கிளம்புவதற்கு முன் அங்கேயே விசாரியுங்கள்.

ஐந்து, ஆறு வாரம் என்பது கொஞ்சம் சங்கடமான கணக்கு. ஒரு மாதம் போதாது, மூன்று மாதம் அதிகம். கவுண்டரில் மூன்று மாதம்தான் லாபம் என்பார்கள். என் மைத்துனி குடும்பம் கனடாவிலிருந்து வந்தபோது அப்படித்தான் கட்டினார்கள். மீதி நாளை இங்கே இருக்கும் சித்தி மகள் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று வாயால் சொன்னதை நம்பினோம். அவர்கள் விமானம் ஏறிய பிறகு போய்க் கேட்டால், டிரான்ஸ்ஃபர் கிடையாது என்றார்கள். மாற்றிக்கொள்ளலாம் என்று சொன்ன ஆளும் அங்கே இல்லை. எனக்கு இன்றைக்கும் அது மனதில் உறுத்துகிறது. ஆகவே டிரான்ஸ்ஃபர், ஃப்ரீஸ் (மெம்பர்ஷிப்பை இடையில் நிறுத்திவைப்பது), ரீஃபண்ட் எதைப் பற்றிச் சொன்னாலும், "இதை பில்லுல எழுதித் தாங்க, இல்லைன்னா வாட்ஸப்ல ஒரு மெசேஜ் போடுங்க" என்று கேளுங்கள். எழுத்தில் இருந்தும் ஏமாற்றினால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

இன்னொரு வழி, ஒரு மாதம் கட்டிவிட்டு மேலே ஒரு வாரம் நீட்டித்துத் தரச் சொல்வது. முதலாளியே உட்கார்ந்திருக்கும் ஜிம்மில் இது பெரும்பாலும் நடக்கும். "இன்னைக்கு மட்டும்தான் ஆஃபர்" என்று அவசரப்படுத்தினால், "ஒரு நாள் டிரையல் பார்த்துட்டு நாளைக்குச் சொல்றேங்க" என்று சொல்லி எழுந்துவிடலாம். அதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

பணத்துக்கு யுபிஐ என்பார்கள். வெளிநாட்டுக் கார்டை எல்லா இடத்திலும் வாங்க மாட்டார்கள், எனவே கையில் ரொக்கம் இருக்கட்டும், பில்லையும் மறக்காமல் வாங்குங்கள். அடையாளத்துக்கு ஆதார் கேட்டால் பாஸ்போர்ட் நகலைக் கொடுங்கள்.

அடுத்த தெருவில் இருந்த இரண்டாவது ஜிம்முக்கு அக்கா மகன் தனியாகவே போனான். "மாஸ்டர், அஞ்சு வாரத்துக்கு எல்லாம் சேர்த்து எவ்வளவு?" என்று கேட்டானாம். திரும்பி வந்து பில்லை என்னிடம் நீட்டினான். ஒரு மாதத் தொகை, அதற்குக் கீழே நீல மையில் "35 நாள்", பக்கத்தில் மாஸ்டரின் கையெழுத்து.