ஃபேன்டஸி நாவலைக் கைமாற்றுகிறவர்கள் செய்யும் தவறுகள்

குன்னூரில் மாதம் ஒருமுறை கூடிப் புத்தகம் பேசுகிறோம், பெரும்பாலும் ஃபேன்டஸி நாவல்கள். புதிதாக வருகிறவர்கள், நாங்கள் தொடக்கத்தில் அடித்த கூத்தையெல்லாம் ஒன்றுவிடாமல் அடிக்கிறார்கள். தாளை மடக்காதே, எச்சில் தொட்டுப் புரட்டாதே என்பதை யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. மற்றதைப் பார்ப்போம்.

எண்ணை வைத்துப் பேசுவது

இதை நினைத்தால் இன்றும் எரிச்சல்தான். சி. எஸ். லூயிஸின் நார்னியா வரிசையில் ஏழு நாவல்கள். முதலில் வந்தது, 1950-ல், 'தி லயன், தி விட்ச் அண்ட் தி வார்ட்ரோப்'. நார்னியா பிறந்த கதையான 'தி மெஜீஷியன்ஸ் நெஃப்யூ' ஆறாவதாக, 1955-ல் வந்தது. 1994-ல் ஹார்ப்பர்காலின்ஸ் பதிப்பகம் கதை நடக்கும் கால வரிசைப்படி எண்களை மாற்றியது. ஆறாவது ஒன்றானது, ஒன்று இரண்டானது.

பழைய புத்தகக் கடையில் வாங்கிய பிரதியில் ஓர் எண், புதுப் பிரதியில் வேறு எண். ஒருமுறை ஒரு பையன் "ரெண்டாவதும் முடிச்சுட்டேன்" என்றான். அவனிடம் இருந்தது புது செட். பக்கத்தில் இருந்தவர் பழைய செட்காரர். அவருக்கு இரண்டாவது என்றால் 'பிரின்ஸ் காஸ்பியன்'. அதன் முடிவைக் கையை ஆட்டி ஆட்டி அலசித் தீர்த்துவிட்டார். "அண்ணா, அதை நான் இன்னும் தொடவே இல்ல" என்று அவன் சொன்னபோது எல்லாம் முடிந்திருந்தது. எண்ணை விடுங்கள், பெயரைச் சொல்லுங்கள்.

சரி, எதை முதலில் கொடுப்பது? 1957-ல் ஒரு சிறுவனுக்கு எழுதிய கடிதத்தில் லூயிஸ் கால வரிசைக்கே தலையாட்டியிருக்கிறார். வரிசை அவ்வளவு முக்கியமில்லை என்றும் சேர்த்துச் சொன்னார். எழுதியவரே சொன்னாலும் நான் 1950 புத்தகத்தைத்தான் கொடுப்பேன். அதில் லூசி என்ற சிறுமி அலமாரிக்குள் கோட்டுகளை விலக்கிக்கொண்டு போகிறாள், காலடியில் பனி நொறுங்குகிறது, நடுக்காட்டில் ஒரு தெருவிளக்கு எரிகிறது. இது இங்கே எப்படி வந்தது என்று வாசிக்கிறவர் விழிக்க வேண்டும். 'நெஃப்யூ'வை முன்பே படித்தவர் விழிக்க மாட்டார். ஏன் என்று என் வாயால் சொல்ல மாட்டேன்.

முடியாத தொடர் என்பதை மறைப்பது

ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் பெரிய தொடரான 'எ சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்' வரிசையில் ஐந்தாவது நாவல் 2011-ல் வந்தது. ஆறாவது இன்னும் வரவில்லை. சொல்லிவிட்டுக் கொடுங்கள், அப்புறம் அவர் பாடு.

அடுத்து யார் சாவார் என்று சொல்வது

வேண்டாம்.

முதல் பாகத்தை மட்டும் கொடுப்பது

டோல்கீனின் 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' ஒரே நாவல். 1954, 55-ல் மூன்று பாகமாகப் பிரித்து வெளியிட்டார்கள், அவ்வளவுதான். முதல் பாகத்தை மட்டும் கொடுத்தனுப்புவது, மேட்டுப்பாளையம் டிக்கெட் எடுத்தவரை நடுவழியில், பர்லியாறில் இறக்கிவிடுவது மாதிரி. தயங்குகிறவருக்கு 1937-ல் வந்த 'தி ஹாபிட்' போதும். பிடித்திருந்தால் அவரே வந்து கேட்பார்.

மழைக்காலத்து இரவல்

ஊட்டிப் பக்கம் ஆடி மழை, குன்னூர், கோத்தகிரிப் பக்கம் ஐப்பசி மழை. இரவல் புத்தகத்தை வெளிச்சுவரை ஒட்டி வைத்தால் பூஞ்சைதான். நான்கு விரல் இடைவெளி விடுங்கள். நனைந்துவிட்டால் ஹீட்டர் முன்னால் வைக்காதீர்கள். தாள் சுருண்டு, முதுகுப் பசை விட்டுப்போகும். லேசாக விரித்து நிற்கவைத்து, ஃபேன் காற்றில் காயவிட்டுத் திருப்பிக் கொடுங்கள்.