ஐபோனிலிருந்து ஆண்ட்ராய்டுக்கு மாறும்போது எதை முதலில் அவிழ்ப்பது?

புது ஆண்ட்ராய்டு போனோடு எங்கள் சர்வீஸ் கடைக்கு வருபவர்களிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: ஐபோனிலிருந்து சிம்மை இப்போதைக்குக் கழற்றாதீர்கள், புதுப் போனையும் ஆன் செய்யாதீர்கள். ஆப்பிளின் பலம் போனில் மட்டும் இல்லை. மெசேஜ், ஐகிளவுட் (ஆப்பிளின் ஆன்லைன் சேமிப்பிடம்), வாட்ச் என்று எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. அதனால்தான் வேறு கம்பெனி நல்ல போனை விலை குறைத்துக் கொடுத்தாலும் ஆட்கள் நகர்வதில்லை.

முதலில் வாட்ஸ்அப். ஐகிளவுடில் இருக்கும் பேக்கப்பை ஆண்ட்ராய்டில் திறக்க முடியாது. புதுப் போனின் ஆரம்ப செட்டப் ஓடும்போதே இரண்டு போனையும் கேபிளால் இணையுங்கள். திரையில் வரும் கியூஆர் கோடை ஐபோனில் ஸ்கேன் செய்தால் பழைய அரட்டைகள் அப்படியே வந்துவிடும். செட்டப்பை முடித்த பிறகு இது நினைவுக்கு வந்தால், பெரும்பாலும் போனை ரீசெட் செய்துவிட்டு மறுபடி தொடங்க வேண்டியதுதான்.

அடுத்து ஐமெசேஜ், அதாவது ஆப்பிள் கருவிகள் தங்களுக்குள் செய்தி அனுப்பும் சேவை. ஐபோன் செட்டிங்ஸில் ஐமெசேஜ், ஃபேஸ்டைம் இரண்டையும் அணைத்த பிறகே சிம்மை எடுங்கள். இல்லாவிட்டால், ஐபோன் வைத்திருக்கும் நண்பர்கள் அனுப்பும் செய்தி பழைய கணக்குக்கே போய்க்கொண்டிருக்கும். உங்களுக்கு எதுவும் வராது. சிம்மை ஏற்கெனவே மாற்றிவிட்டீர்களா? சரி, ஆப்பிள் தளத்தில் உங்கள் எண்ணைக் கொடுத்து ஐமெசேஜ் பதிவை நீக்கிவிடலாம்.

இந்த முடிச்சு தெரிந்தே போட்டது. ஐமெசேஜை ஆண்ட்ராய்டுக்கும் கொடுக்கலாமா என்று 2013-ல் ஆப்பிளுக்குள் பேச்சு வந்தது. கொடுத்தால், ஐபோன் வைத்திருக்கும் குடும்பங்கள் பிள்ளைகளுக்கு ஆண்ட்ராய்டு வாங்கித்தர இருக்கும் தடை நீங்கிவிடும் என்று ஆப்பிளின் மென்பொருள் பிரிவுத் தலைவர் கிரெய்க் ஃபெடரிகி மின்னஞ்சல் எழுதினார். வீடியோ கேம் நிறுவனமான எபிக் கேம்ஸ் ஆப்பிள் மீது தொடுத்த வழக்கில் அது வெளியே வந்தது. வாங்குகிறவர்கள் கண்டிப்பாகத் தெரிந்துகொள்ள வேண்டிய கடிதம் இது என்று நினைக்கிறேன்.

படங்களுக்கு அவ்வளவு பாடு இல்லை. ஆப்பிளின் பிரைவசி தளத்தில் கேட்டால், ஐகிளவுட் படங்களின் நகலை அவர்களே கூகுள் போட்டோஸுக்கு அனுப்புவார்கள். சில நாள் ஆகும். கூகுளில் இலவசமாகக் கிடைப்பது 15 ஜிபிதான். இடம் போதுமா என்று முன்னாலேயே பாருங்கள்.

ஆப்பிள் வாட்சுக்கு மட்டும் வழி இல்லை. ஆண்ட்ராய்டோடு அது சேரவே சேராது. விற்பதாக இருந்தால், ஐபோன் கையில் இருக்கும்போதே வாட்சை அதிலிருந்து அன்பேர் செய்து, இணைப்பைத் துண்டித்துவிடுங்கள். அப்படிச் செய்தால், வாட்சை உங்கள் ஆப்பிள் கணக்கோடு பூட்டிவைக்கும் ஆக்டிவேஷன் லாக் நீங்கும், வாங்குகிறவருக்கும் வாட்ச் பயன்படும்.