காலைத் தொடாதீர்கள்: யோகா வகுப்புக்குப் புதிதாகப் போகிறவர்களுக்கு

மும்பையில் மாட்டுங்கா, சயான், செம்பூர் பக்கம் காலை ஆறேகாலுக்குப் பல குடியிருப்பு சொசைட்டி ஹால்களில் பத்துப் பதினைந்து பேர் பாய் விரித்து உட்கார்ந்திருப்பார்கள். ஜனவரி பிறந்தால் புதிதாக நாலு பேர் சேர்வார்கள். ஜூன் 21 யோகா தினம் வந்தால் இன்னும் நாலு பேர். ஆட்கள்தான் புதிது, செய்கிற தவறெல்லாம் பழையது. இன்று முன்வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பவர்களும் ஒரு காலத்தில் இதையெல்லாம் ஒன்றுவிடாமல் செய்தவர்கள்தான்.

தாமதமாக வருவது, போனை அணைக்காமல் விடுவது, ஜீன்ஸ் மாட்டிக்கொண்டு வருவது எதையும் இங்கே சொல்லப்போவதில்லை. ஒரு நாள் ஹாலே திரும்பிப் பார்த்தால் அவை தானாகச் சரியாகிவிடும்.

‘ஜென்டில்’ என்றால் சுலபம் என்று நினைப்பது

போர்டில் ‘ஜென்டில் ஹட யோகா’ என்று போட்டிருந்தால், வயசானவர்கள் கையைக் காலை ஆட்டுகிற வகுப்பு என்று நினைத்து வருகிறவர்கள் உண்டு. இங்கே ஜென்டில் என்பது வேகத்தைக் குறிக்கும் சொல். ஒரு மணி நேரத்தில் எட்டுப் பத்து ஆசனங்களுக்கு மேல் போகாது. ஒவ்வொன்றிலும் ஐந்து முதல் எட்டு மூச்சு வரை நிற்க வேண்டும், நடுவே ஓய்வு உண்டு. படுத்தபடி ஒரு காலைத் தூக்கி நாற்பது விநாடி வைத்துப் பாருங்கள், தொடை தந்தியடிக்கும். அப்படி நடுங்குவதில் தப்பில்லை. மூச்சு திக்கினால் மட்டும் காலை இறக்கிவிடுங்கள்.

முதல் நாள் ராத்திரிச் சாப்பாடு

ஆபீஸ் முடிந்து லோக்கல் ரயிலில் தொங்கி வீடு வந்து சேர மணி ஒன்பது. சாப்பிட்டுக் கை கழுவும்போது பத்தேகால். மறுநாள் காலை குனிந்தால் ராத்திரித் தின்ற பாவ் பாஜி நெஞ்சைக் கரித்துக்கொண்டு மேலே வரும். முன்னால் குனிவதும் உடம்பைத் திருகுவதும் வயிற்றைப் பிழிகிற வேலைகள், ஆகவே இரைப்பை காலியாக இருக்க வேண்டும். முழுச் சாப்பாட்டுக்குப் பிறகு மூன்று நான்கு மணி நேரம், டிபனுக்குப் பிறகு இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள். வகுப்புக்கு முதல் நாள் ராத்திரி எண்ணெய்ப் பண்டமும் வேண்டாம். காலையில் காபி இல்லாமல் கண் திறக்காது என்பவர்கள் அரை டம்ளர் குடிக்கலாம், அரை மணி முன்னதாக.

இன்சுலின் போடுகிறவர்களும், சர்க்கரையைத் தாழவிடக்கூடிய மாத்திரை சாப்பிடுகிறவர்களும் ‘வெறும் வயிறு’ என்ற பேச்சை அப்படியே பிடித்துக்கொள்ளக் கூடாது. மருத்துவரைக் கேட்டு, ஒரு வாழைப்பழமோ இரண்டு பிஸ்கட்டோ சாப்பிட்டுவிட்டு வாருங்கள். பையில் நாலு சர்க்கரைக்கட்டி இருக்கட்டும்.

உடம்பைப் பற்றி வாயைத் திறக்காமல் இருப்பது

ஒரு மாமி இரண்டு வாரம் தலைகீழாகக் குனிகிற அதோமுக சுவானாசனத்தை ஆசையாகச் செய்துவிட்டு, மூன்றாவது வாரம் சாவகாசமாகச் சொன்னார்: “கண்ணுக்கு ராத்திரி சொட்டு மருந்து விட்டுக்கறேன். ஏதோ பிரஷராம். அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?” நிறையச் சம்பந்தம் இருக்கிறது. தலை இருதயத்துக்குக் கீழே போனதும் கண்ணுக்குள் இருக்கும் அழுத்தம் ஏறும். க்ளாகோமா உள்ளவர்கள் தவிர்க்க வேண்டிய முதல் விஷயமே அதுதான்.

வகுப்பு தொடங்க ஐந்து நிமிடம் முன்பு ஆசிரியரிடம் தனியாகப் போய்ச் சொல்ல வேண்டியவை இவை: ரத்த அழுத்தம், கண் அழுத்தம், குடலிறக்கம், சமீபத்தில் செய்த அறுவை சிகிச்சை, கர்ப்பம், கழுத்துத் தேய்மானம், தலைசுற்றல், எலும்பு மெலிவு, மாற்றிய முழங்கால். எலும்பு மெலிந்தவர்கள் முதுகை வளைத்துக் குனிந்தால் முள்ளெலும்பின் முன்பக்கம் நொறுங்க வாய்ப்பு உண்டு. பார்க்கிறவர்களுக்கு அது ஒரு சாதாரணக் குனிவாகத்தான் தெரியும்.

காலைத் தொட்டே தீருவேன் என்பது

இதைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று இருந்தது. மற்றத் தவறுகள் ஒரு வாரத்தில் போய்விடும், இது மாதக்கணக்கில் உட்கார விடாது. எத்தனை தடவை சொன்னாலும் அடுத்த வகுப்பில் புதிதாக ஒருவர் பல்லைக் கடித்துக்கொண்டு கட்டைவிரலை எட்டிப் பிடிக்கிறார். பார்க்கும்போதே எரிச்சல் வருகிறது.

பச்சிமோத்தானாசனம். கால் நீட்டி உட்கார்ந்து முன்னால் குனிவது, அவ்வளவுதான். பச்சிமம் என்றால் மேற்கு, உடம்பில் அது முதுகுப்புறம். குதிகாலிலிருந்து உச்சி வரை பின்பக்கம் நீள வேண்டும் என்பதே பெயரின் பொருள். அந்தப் பெயரில் கால் விரல் எங்கேயும் இல்லை.

தொடையின் பின்புறம் மூன்று தசைகள் இருக்கின்றன. மூன்றும் புட்டத்துக்கு அடியில் உட்காரும்போது தரையில் பதிகிற எலும்பில் கிளம்பி, முழங்காலைத் தாண்டிக் கீழே போய் ஒட்டுகின்றன. நாற்காலியில் பத்து மணி நேரம் இருக்கிறவருக்கு இவை இறுகிக் கிடக்கும். கால் நீட்டினாலே அந்த எலும்பைப் பிடித்துக் கீழே இழுக்கும், இடுப்பு பின்னால் சாயும். சாய்ந்த இடுப்பை வைத்துக்கொண்டு கையை மட்டும் முன்னால் எறிந்தால் இரண்டில் ஒன்று நடக்கும். முதுகின் அடிப்பகுதி கூனி, முள்ளெலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கும் டிஸ்க்கின் முன்பக்கம் நசுங்கிப் பின்பக்கம் பிதுங்கும். அல்லது தசைநாண் எலும்பில் ஒட்டிய இடத்தில் நூல் நூலாகப் பிரியும். நாணுக்கு ரத்த ஓட்டம் குறைவு, தசை போல இரண்டு வாரத்தில் ஆறாது.

காலை வகுப்பு என்றால் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. ராத்திரி முழுக்கப் படுத்திருக்கையில் டிஸ்க்குகள் நீரை இழுத்துப் புடைத்திருக்கும். எழுந்த முதல் ஒரு மணி நேரம் இடுப்பை வளைத்தால் அவற்றின் மேல் விழும் பளு மற்ற நேரத்தைவிட அதிகம். ஐந்தே முக்காலுக்கு எழுந்து ஆறேகாலுக்குக் குனிகிறவர் இதை நினைவில் வைக்க வேண்டும்.

ஒரு யோகா தினத்தன்று சொசைட்டி முற்றத்தில் நடந்தது இது. வகுப்பில் சேர்ந்து மூன்று வாரமே ஆன ஒருவர். போட்டோ எடுக்கிறார்கள் என்றதும் பக்கத்திலிருந்த நண்பர், “கொஞ்சம் அமுக்கிவிடட்டுமா?” என்று முதுகில் இரண்டு கையையும் வைத்து அழுத்தினார். விரல் தொட்டது, போட்டோவும் நன்றாக வந்தது. அடுத்த நாளிலிருந்து அவருக்கு வலது புட்டத்தின் அடியில் நெருஞ்சி முள் குத்துகிற மாதிரி ஒரு வலி. ஐந்து மாதம் லோக்கலில் இடம் கிடைத்தாலும் நின்றுகொண்டே போனார். தாதர் பாலத்தில் படியேறும்போதெல்லாம் கைப்பிடியைப் பிடித்து நின்று நின்று ஏறினார். அவருக்கு யோகா என்றாலே இப்போது கோபம். கோபம் அந்த நண்பர் மேல் வந்திருக்க வேண்டும்.

முதுகில் யாராவது கை வைத்து அமுக்க வந்தால், ஆசிரியராகவே இருந்தாலும், “தபாயியே மத்” (அமுக்காதீர்கள்) என்று இந்தியில் சொல்லிவிடுங்கள். மரியாதைக் குறைவாக யாரும் நினைக்க மாட்டார்கள். நினைத்தால் வேறு வகுப்பு பாருங்கள்.

சரியாகச் செய்வது இப்படி. வீட்டில் சோலாப்பூர் சாதர் என்கிற கனத்த போர்வை இருக்கும். அதை மூன்று நான்கு அங்குல உயரம் வரும்படி மடியுங்கள், ஒன்று போதாவிட்டால் இரண்டு. மடிப்பின் முன்விளிம்பில் உட்கார்ந்து, புட்டச் சதையைக் கையால் பின்னுக்குத் தள்ளிவிட்டு எலும்பு பதிய அமருங்கள். ஒரு கையை இடுப்புக்குப் பின்னால் வைத்துப் பாருங்கள். அங்கே முள்ளெலும்புகள் வெளியே புடைத்துக் கூனல் தெரிந்தால் உயரம் போதவில்லை. முழங்காலுக்கு அடியில் ஒரு துண்டைச் சுருட்டி வையுங்கள். முழங்கால் மடங்கினால் அந்த மூன்று தசைகளும் தளரும், இடுப்பு முன்னால் உருள வழி கிடைக்கும். இன்னொரு நீளமான துண்டைப் பாதத்தைச் சுற்றிப் போட்டு இரு முனைகளையும் பிடித்துக்கொள்ளுங்கள். மூச்சை இழுக்கும்போது மார்பெலும்பு உயரட்டும். விடும்போது தொடையும் வயிறும் சேர்கிற மடிப்பிலிருந்து முன்னால் சாயுங்கள். நெற்றி முழங்காலை நோக்கிப் போக வேண்டாம், தொப்புள் தொடையை நோக்கிப் போகட்டும். ஐந்து மூச்சு நின்றுவிட்டு, மூச்சை இழுத்தபடி கையை ஊன்றி எழுந்திருங்கள். ஊஞ்சல் மாதிரி முன்னும் பின்னும் ஆடி எட்டிப் பார்க்காதீர்கள். வெடுக்கென்று இழுத்தால் தசை தன்னைக் காத்துக்கொள்ள இன்னும் இறுகத்தான் செய்யும்.

இழுப்பு தொடையின் நடுப்பகுதியில் தெரிய வேண்டும். புட்டத்தின் அடியிலோ முழங்காலின் பின்குழியிலோ சுருக்கென்றால் உடனே தளர்த்துங்கள். வலி முழங்காலுக்குக் கீழே ஓடினாலோ, கால் மரத்தாலோ, பாயைச் சுருட்டிவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

துண்டு, சாதர், கட்டை எல்லாம் கிழவர்களுக்கு என்று சிலர் ஒதுக்குகிறார்கள். ரயிலில் மூன்று மணி நேரத் தூரத்திலிருக்கும் புனேயில் இருந்துகொண்டு பெல்ட், கட்டை, நாற்காலி, கயிறு அத்தனையையும் ஆசனத்துக்குள் கொண்டுவந்தவர் யோகா ஆசிரியர் பி.கே.எஸ். ஐயங்கார். அவர் வகுப்பில் கூச்சப்படாதவர்கள் சொசைட்டி ஹாலில் ஏன் கூச்சப்பட வேண்டும்?

‘ருகோ’ என்றதும் மூச்சை நிறுத்துவது

ஊரிலிருந்து புதிதாக வந்தவர்களுக்கு இந்தியில் நடக்கும் வகுப்பு ஒரு தொந்தரவு. “ஸாஸ் பரோ” என்றால் மூச்சை இழு, “ஸாஸ் சோடோ” என்றால் விடு. தாயா வலது, பாயா இடது. இந்த இரண்டையும் மாற்றிக்கொண்டு எதிர்ப்பக்கம் திரும்பிப் பக்கத்துக்காரர் முகத்தைப் பார்க்காதவர்கள் குறைவு. அதில் ஆபத்து ஏதும் இல்லை. ஆபத்து “ருகோ” என்ற சொல்லில் இருக்கிறது. ஆசனத்தில் அப்படியே இரு என்றுதான் ஆசிரியர் சொல்கிறார். புதியவர் மூச்சையும் சேர்த்து நிறுத்திவிடுகிறார். தம் கட்டி முக்கும்போது ரத்த அழுத்தம் எகிறும். மூச்சை நிறுத்தச் சொல்வதாக இருந்தால் “ஸாஸ் ரோகோ” என்று சொல்வார்கள். முதல் சில மாதங்களுக்கு அதையும் நீங்கள் செய்ய வேண்டாம்.

திருமூலர் 16 மாத்திரை நேரம் இழுத்து, 64 நிறுத்தி, 32-ல் விடச் சொல்லியிருக்கிறார் என்று வாட்ஸ்அப்பில் படித்துவிட்டு முதல் வாரமே அதை முயல்கிறவர்களும் இருக்கிறார்கள். அந்த அளவு பல வருஷம் பழகியவர்களுக்கு. நீங்கள் நாலு எண்ணி இழுத்து, நாலு எண்ணி விடுங்கள். இரண்டு மூன்று வாரம் கழித்து விடுவதை மட்டும் ஆறாக்கலாம். எல்லாம் மூக்கு வழியாக. மூச்சை வேகவேகமாக வெளியே தள்ளுகிற கபாலபாதி இப்போதைக்கு வேண்டாம்.

பத்மாசனம்

அவசரமில்லை. இடுப்பு திரும்பாத காலை முழங்காலில் திருகினால் மூட்டு ஜவ்வு கிழியும். சப்பணம் போதும்.

சர்வாங்காசனத்தில் பக்கத்தில் யார் என்று பார்ப்பது

தோளில் நிற்கும்போது கழுத்தைத் திருப்பவே கூடாது.

மெத்தை மாதிரி பாய் வாங்குவது

பத்து, பன்னிரண்டு மில்லிமீட்டர் பஞ்சுப் பாயில் ஒற்றைக்காலில் நின்றால் கணுக்கால் ஆடும். நாலு முதல் ஆறு மில்லிமீட்டர் போதும். முழங்கால் உறுத்தினால் அங்கே மட்டும் துண்டை மடித்துப் போடலாம். புதுப் பாயில் மழமழவென்று ஒரு படலம் இருக்கும். இரண்டு சொட்டு சோப்பு விட்ட ஈரத்துணியால் துடைத்து, நிழலில் காயவைத்த பிறகு கொண்டு வாருங்கள். ஜமக்காளம் உட்கார்ந்து செய்பவற்றுக்கு நல்லது, ஆனால் மொசைக் தரையில் நின்றால் உங்களையும் சேர்த்து நகர்த்திக்கொண்டு போகும். மழைக்காலத்தில் வியர்வைப் பாயைச் சுருட்டி மூலையில் வைத்தால் மூன்றாம் நாள் பூஞ்சை வாடை வரும். மின்விசிறிக்குக் கீழே விரித்துவிட்டு ஆபீஸ் போங்கள்.

சவாசனத்தில் எழுந்து ஓடுவது

கடைசிப் பத்து நிமிடம் வந்ததும் லோக்கலைப் பிடிக்கக் கிளம்புகிறவர்கள் இருக்கிறார்கள். நேரம் இல்லையென்றால் ஒரு ஆசனத்தைக் குறைத்துக்கொண்டு ஐந்து நிமிடமாவது படுத்திருங்கள். எழுந்திருப்பதற்கும் முறை உண்டு. முழங்காலை மடக்கி வலப்பக்கம் ஒருக்களித்து, இரண்டு மூன்று மூச்சு அப்படியே கிடந்து, கையை ஊன்றி உட்கார்ந்து, தலையைக் கடைசியாக நிமிர்த்துங்கள். படுத்த இடத்திலிருந்து சடாரென எழுந்தால் ரத்த அழுத்தம் இறங்கிக் கண் இருட்டும். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இன்னும் வேகமாக இருட்டும்.

மூன்று மாதப் பணத்தை முதல் நாளே கட்டுவது

ஒரு வகுப்பு உட்கார்ந்து பாருங்கள். உங்கள் உடம்பைப் பற்றி ஆசிரியர் ஒரு கேள்வியாவது கேட்டாரா என்று கவனித்துவிட்டுக் கட்டுங்கள்.